ஒரே ஒரு சுற்று: கிளைடரை வயலில் இறக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை நங்கநல்லூரில் என் வீட்டு மாடியில் ஒரு தம்பி சிமுலேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் உயரம் 600 அடி. இடப்பக்கம் இறங்குவதற்குத் தோதான வயல். வேரியோ (ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் கருவி) மெதுவாகக் கத்த ஆரம்பித்தது. "அண்ணா, ஒரே ஒரு சுற்று, ஏறிடும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 வருடம் முன்பு இதே வார்த்தையை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கூட்டம் சின்னது. சென்னையில் சிமுலேட்டரில் பழகிவிட்டு, லீவு கிடைக்கும்போது புனேக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்ப் பறக்கிறவர்கள். பெல்ட் போட மறப்பது, மேல்மூடியைச் சரியாகப் பூட்டாதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பயிற்சியாளர் முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுவார். தனியாகப் பறக்கத் தெரிந்து, சில்வர் பேட்ஜ் என்ற தகுதிக்கான 50 கிலோமீட்டர் பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்காக எழுதுகிறேன். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. தெர்மலில், அதாவது சூடாகி மேலே எழும் காற்றில், சுற்றிச் சுற்றித்தான் ஏற வேண்டும். அது கிடைக்காவிட்டால் கண்ணில் படும் வயலில் இறங்கி, டிரெய்லர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது இந்த விளையாட்டில் சகஜம்.

40 என்ற எண்ணை அப்படியே நம்புவது

ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் போகும் கிளைடர் என்றால், 1000 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டர் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். அது அசையாத காற்றுக்கான கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது விநாடிக்கு 0.7 மீட்டர் இறங்கினால்தான் அந்த 40. சுற்றியுள்ள காற்றே விநாடிக்கு 2 மீட்டர் கீழே போய்க்கொண்டிருந்தால், 40 என்பது 10 ஆகிவிடும். இரண்டு தெர்மல்களுக்கு நடுவே காற்று பெரும்பாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எனவே பாதியை மட்டும் நம்புங்கள்.

முடிவைத் தள்ளிப்போடுவது

இதைப் பற்றிப் பேசினாலே இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நியூ சவுத் வேல்ஸில் எனக்கு அது இரண்டாவது சீசன், டிசம்பர் மாதம். கோதுமை அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுத்த வயலில் தாள் மட்டும் நிற்கும்; கிளைடர் இறங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. 1500 அடியில் அப்படி ஒரு வயலைப் பார்த்து வைத்தேன். 600 மீட்டராவது நீளம் இருக்கும். 800 அடியில் வேரியோ கொஞ்சம் தூக்கிக் காட்டியது. சுற்ற ஆரம்பித்தேன். ஏறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அப்புறம் ஒன்று.

அப்போது ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 விநாடி ஆகும். காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் கிளைடர் 160 மீட்டருக்கு மேல் தள்ளப்படும். ஐந்து சுற்றில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல். நான் விட்டுக்கொடுத்தபோது உயரம் 400 அடி. என் வயல் எதிர்காற்றில் எங்கோ பின்னால் கிடந்தது. கீழே இருந்ததெல்லாம் அறுக்காத கோதுமை. அதன் குறுக்கே ஒற்றைக் கம்பி மின்சாரம். அந்த ஊர்ப் பக்கம் தூரமான பண்ணைகளுக்கு ஒரே ஒரு கம்பியில்தான் மின்சாரம் போகும். கம்பங்களும் வெகு தூரத்துக்கு ஒன்று என்றுதான் நிற்கும். கம்பியை நான் பார்க்கவே இல்லை. கம்பத்தைப் பார்த்துத்தான் விலகினேன். தரை தொட்டதும் இடது இறக்கை நுனி பயிரில் மாட்டியது. கிளைடர் அப்படியே சுழன்று, வால் பகுதி விரிசல் விட்டது.

எனக்கு அடி இல்லை. ஆனால் அந்தக் கிளைடர் அந்தச் சீசன் முழுக்கப் பட்டறையில் கிடந்தது. அதற்காகப் பதிவு செய்து காத்திருந்த நான்கு பேர் பறக்க முடியவில்லை. அவர்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் சுற்றினேன்? 150 கிலோமீட்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று போனில் கேட்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். இந்தத் தவறைச் செய்கிற எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் ஏறக்குறைய இதேதான். அடுத்தவருக்குத் தொந்தரவு, தோற்றுவிட்டோம் என்ற எண்ணம். டிரெய்லரை இழுத்து வருகிறவருக்கு அது ஒரு சாயங்கால வேலை. முழுசாக இருக்கும் கிளைடரை ஏற்றிக்கொண்டு போவதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தாழ்வாகச் சுற்றுவதில் இதைவிட மோசமானதும் உண்டு. தரைக்குப் பக்கத்தில் தெர்மல் குறுகலாக, துண்டு துண்டாக இருக்கும். அதில் நிற்க இறுக்கித் திருப்புவோம், வேகம் குறையும், கண் வேரியோவில் இருக்கும். கிளைடர் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, சுழல ஆரம்பித்தால், மீட்டெடுக்கச் சில நூறு அடியாவது வேண்டும். அந்த உயரம் அங்கே இருக்காது.

அதனால் முடிவைத் தரையிலேயே எடுத்துவிடுங்கள். 2000 அடியில், இறங்கத் தோதான பகுதி பக்கம் போய்விட வேண்டும். 1500 அடியில் இந்த வயல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1000 அடியில் சர்க்கிட், அதாவது வயலைச் சுற்றி வந்து இறங்கும் பாதை, ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு வேரியோ எவ்வளவு கத்தினாலும் சுற்றக் கூடாது. புறப்படும் முன் இந்த மூன்று எண்களையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

வயலை மேலிருந்து பார்த்துப் பழகாதது

இதற்குக் கிளைடரே தேவையில்லை. நான் எங்கள் ஆட்களைத் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கூட்டிப்போகிறேன். ஏறத்தாழ 500 அடி உயரம், 500-க்கு மேல் படிகள். மேலே நின்று, "எந்த வயலில் இறங்குவாய், காட்டு" என்பேன். காட்டியதும் கீழே இறங்கி, அந்த வயலுக்கே நடந்து போவோம். மேலிருந்து ஒரே வயலாகத் தெரிந்தது, முழங்கால் உயர வரப்புகளோடு எட்டுத் துண்டாக இருக்கும். பம்ப்செட்டுக்குப் போகும் கம்பி தலைக்கு மேலே தொங்கும். ஓரத்தில் பனைமரம்.

மூன்று முறை போய்வந்தால் கண் பழகிவிடும். கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுவீர்கள். ரோட்டோரம், வீட்டுப் பக்கம், கிணற்றுப் பக்கம் எல்லாம் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வீர்கள். சரிவு மேலிருந்தே தெரிகிறது என்றால், அது இறங்க முடியாத அளவு சரிவு. லேசான சரிவில் வேறு வழியில்லாமல் இறங்கினால், மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும். உழுத வயலில் உழவுச் சாலோடு போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது.

புறப்பட்ட இடத்துக் காற்றையே நினைத்துக்கொண்டிருப்பது

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் திசை மாறிவிடும். எங்கே பறந்தாலும் இறங்கும் இடத்தின் காற்றைப் புதிதாகப் பாருங்கள். புகை, புழுதி. ஏரி இருந்தால் இன்னும் நல்லது: காற்று வரும் பக்கத்துக் கரையோரம் தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும், எதிர்க்கரைப் பக்கம் அலை தெரியும்.

அல்டிமீட்டரை நம்புவது

அது புறப்பட்ட இடத்திலிருந்து உயரம் காட்டுகிறது. மீனம்பாக்கத்தில் பூஜ்யம் வைத்துக்கொண்டு வேலூர் மேலே போனால், 1000 என்று காட்டும்போது காலுக்குக் கீழே 400 அடிகூட இருக்காது. வயல் தெரிந்த பிறகு கண்ணால் அளவெடுங்கள்.

சக்கரம்

சர்க்கிட்டுக்கு முன்பே இறக்குங்கள்.

தண்ணீர்

குடிக்க, இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துப்போங்கள்.

விவசாயியிடம் பேசாமல் டிரெய்லருக்குப் போன் போடுவது

முதலில் அவரைத் தேடிப் போங்கள். பயிர் நசுங்கியிருந்தால் எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கேட்டைத் திறந்து போனால் திரும்ப மூடுங்கள். ஆடு மாடு வெளியே போய்விடும். அன்றைக்கு என் கிளைடர் கிடந்த கோதுமை வயலின் சொந்தக்காரர், ஒரு கேன் தண்ணீரோடு வந்து, முதலில் "உனக்கு அடிபட்டதா" என்றுதான் கேட்டார். பயிரைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.