குதிரை போன பிறகு ஆடுவது எப்படி?

செஸ்ஸில் குதிரையைச் சும்மா பறிகொடுத்துவிட்டீர்களா? கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ பாதியில் விட்டுப்போன ஆட்டத்தில் இப்போதுதான் வந்து உட்கார்ந்ததாக நினைத்துப் பலகையைப் பாருங்கள். "போச்சே" என்று புலம்பும் மனசு போன காயையே சுற்றிவரும். அந்தக் கடுப்பில் யானையும் போய்விடும். புதிதாக வந்தவர் கண்ணுக்கு மிச்சம் இருப்பதுதான் தெரியும்: வழி மறிக்கச் சிப்பாய் இல்லாத திறந்த வரிசையில் நிற்கும் யானை, சிப்பாய் காவல் இல்லாத எதிராளியின் ராஜா. ஆட்டங்களுக்கு இடையிலும் இது முடியும். 2024 உலகச் சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்தையே தோற்ற குகேஷ், மூன்றாவதில் வென்று சமன் செய்தார், பட்டமும் வென்றார். வேலைக்கான நேர்காணலில் முதல் பதில் சொதப்பினாலும் இதையே செய்து பாருங்கள்.

பிளிட்ஸ் என்ற சில நிமிட வேக ஆட்டத்தில் சில வினாடிகளே மிச்சம் என்றால் இதற்கு நேரமில்லை. ஆட்டம் முடிந்து அலசும்போதும் வேண்டாம். அப்போது எந்த நகர்த்தலில் தவறினோம் என்று பார்த்தே ஆகவேண்டும்.