கரண்டு வைக்க மதுரைக்குப் போறவங்களுக்கு: 35 நாளையும் விடாம முடிக்கிறது எப்படி

நம்ம பக்கம் ரேடியேஷன்னு யாரும் சொல்றதில்ல, கரண்டு வைக்கிறதுன்னு தான் சொல்லுவோம். அந்தப் பேருக்கே பாதி உசுரு போயிடுது, ஷாக் அடிக்குமோன்னு. அடிக்காது, சூடும் தெரியாது, படுத்து எந்திரிச்சு வர்றது தான். எங்க அப்பாக்கு குரல்வளைல கேன்சர். லாஞ்சு டிரைவர், மூணு மாசமா குரல் கம்மிக்கிட்டே போச்சு, எஞ்சின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசுறதால தான்னு நாங்களே ஒரு காரணம் சொல்லிட்டு உக்காந்திருந்தோம் (குரல் கம்மி மூணு வாரம் தாண்டினா உடனே தொண்டை டாக்டர்ட்ட காட்டிடுங்க, எங்கள மாதிரி இருக்காதீங்க). அப்புறம் மண்டபத்துலேர்ந்து மதுரைக்குப் போயி 35 நாள் கரண்டு (சனி ஞாயிறு கிடையாது), கூடவே வாரம் ஒரு கீமோ. பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை, எங்கேர்ந்து போனாலும் கிட்டத்தட்ட இதே பாடு தான், அதான் எழுதுறேன்.

ஏன் 35 நாளுன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க, அது புரியலன்னா நடுவுல கண்டிப்பா லீவு போடுவீங்க. டோஸ கிரேன்னு ஒரு கணக்குல சொல்லுவாங்க, அப்பாக்கு தினம் 2 கிரே, மொத்தம் 70. உடம்பு முழுக்க ஒரே தடவைல 4, 5 கிரே பட்டு வைத்தியமும் பாக்கலன்னா பாதிப்பேரு பிழைக்கமாட்டாங்க, அப்ப 70 எப்படி தாங்குது? அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தான் போகுது, அதையும் பிரிச்சுப் பிரிச்சு குடுக்குறாங்க, அதான் சூட்சுமம். செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவ ரெண்டு புரி கயிறுன்னு வெச்சுக்கோங்க. கதிர் உள்ள போயி பெரும்பாலும் செல்லுல இருக்கற தண்ணிய தான் உடைக்குது, அதுலேர்ந்து தெறிக்கிற துண்டுங்க போயி கயிற அறுக்குது. 2 கிரே பட்டா ஒரு செல்லுல ஒத்தப் புரி அறுந்த இடம் சுமாரா 2000, ரெண்டு புரியும் சேர்ந்து அறுந்த இடம் ஒரு 80 இருக்கும். ஒத்தப் புரி போனா பக்கத்துப் புரிய பாத்து செல்லே சரி பண்ணிக்கும், ரெண்டும் போனா தான் சிக்கல். நல்ல செல்லு பெரும்பாலும் அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள ரிப்பேர முடிச்சிடும், கரைல உக்காந்து கிழிசல தெச்சுட்டு மறுநா அதே வலையோட கடலுக்குப் போற மாதிரி. கேன்சர் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பாதிக் கிழிசலோட பெருகப் போகும், பெருகுற நேரத்துல செத்துப்போகும்.

இத கண்டுபிடிச்சதுல ஒரு செம்மறிக் கிடாக்கும் பங்கு இருக்கு. பாரிஸ்ல கிளாடியஸ் ரெகோன்னு ஒருத்தர், கிடாயோட விதைல கதிர வெச்சுப் பாத்தார். ஒரே தடவைல மலடாக்கற அளவுக்கு குடுத்தா மேல்தோல் வெந்துபோச்சு, அதையே பல நாளுக்கு பிரிச்சா தோல் தப்பிச்சுது, விந்து உண்டாகறது மட்டும் நின்னுபோச்சு. விடாம பெருகிட்டே இருக்கற விதைய கேன்சர் மாதிரியும் தோல நல்ல சதை மாதிரியும் அவங்க எடுத்துக்கிட்டாங்க. 1922ல ரெகோவும் கூட வேலை பாத்த ஆன்றி கூட்டாரும் இந்த முறைல குரல்வளை கேன்சர குணமாக்கிக் காட்டினாங்க, எங்க அப்பாக்கு வந்த அதே வியாதி. அதுக்கு முன்னாடி எல்லாம் உடம்புல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது தான், 1901ல பெக்கரெல்னு ஒரு விஞ்ஞானி, கதிர் வீசற ரேடியத்த கோட்டுப் பையில போட்டுட்டு சுத்தி அந்த இடத்துல தோல் வெந்து புண்ணாச்சு.

சரி, மீன்பிடி தடைக்காலத்துக்கு வர்றேன். அப்பாக்கு மே மூணாவது வாரம் ஆரம்பிச்சாங்க, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடை, எப்படியும் வேலை இல்ல, வசதியா போச்சுன்னு நினைச்சோம். ஜூன் 15 நெருங்க நெருங்க மனுசன் இருப்புக்கொள்ளல, "சம்மாட்டி தனியா கெடந்து அல்லாடுவாரு, ஒரு நாலு நாள் லாஞ்ச கடல்ல எறக்கி விட்டுட்டு வந்துர்றேன், மெஷினு எங்கயும் ஓடிறாது"ன்னாரு (சம்மாட்டின்னா லாஞ்சு முதலாளி). அப்ப 20 நாள் கரண்டு முடிஞ்சிருந்துது. டாக்டரம்மா சொன்னாங்க, தொண்டை கேன்சருக்கு நாலாவது வாரம் தாண்டினதும் மிச்சமிருக்கற கேன்சர் செல்லு வேகமா பெருக ஆரம்பிக்கும், மொத்த ட்ரீட்மென்ட் ஒரு நாள் நீண்டாலும் வியாதி கட்டுப்படுற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும்னு. அப்பாக்கு சதவீதம் ஏறல. நான் சொன்னேன், எதுக்குப்பா 61 நாள் தடை போடுறான், மீனு பெருகத் தானே, நீ இதுக்கு நாலு நாள் தடை விட்டா இதுவும் பெருகும்னு. அதுக்கப்புறம் வாயே தெறக்கல (தெறந்தாலும் குரல் வராது, அது வேற).

ஆக எல்லா ஏற்பாடும் ஒரு நாள் கூட விடாம இருக்கறதுக்கு தான். தினம் போயிட்டு வந்துரலாம்னு நினைக்காதீங்க, மண்டபத்துலேர்ந்து ஒரு வழிக்கே 140 கிலோமீட்டருக்கு மேல, மூணாவது வாரத்துக்கு மேல உக்காரவே தெம்பு இருக்காது. ஆஸ்பத்திரி பக்கத்துல சமைக்க வசதியுள்ள ரூமா பாருங்க, கடைச் சோறு காரம் ஒத்துக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லன்னா அலையறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓ சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போகணும். ரயில்ல கேன்சர்காரங்களுக்கும் கூடப் போற ஒருத்தருக்கும் சலுகை உண்டு, ஃபாரத்துல டாக்டர் கையெழுத்தும் சீலும் வேணும், கேட்டா தான் தருவாங்க, நாங்க ரெண்டு வாரம் கழிச்சு தான் கேட்டோம்.

கழுத்துக்கோ வாய்க்கோ கரண்டுன்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பல் டாக்டர பாருங்க. இத யாரும் அழுத்திச் சொல்றதில்ல. கரண்டு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சிரும், அப்புறம் பல்லப் புடுங்கினா புண் ஆறாம எலும்பே அரிச்சுப் போகலாம், சொத்தைப் பல்ல முன்னாடியே எடுத்து ரெண்டு வாரமாவது ஆற விடணும். அடுத்து மாஸ்க். வெந்நில போட்டா இளகுற பிளாஸ்டிக் ஷீட்ட முகத்து மேல அமுக்கிப் புடிப்பாங்க, ஆறினா முகம் மாதிரியே இறுகிடும், தினமும் அதப் போட்டு மேசையோட பூட்டி தான் கரண்டு, ஆடாம இருக்கறதுக்கு. மொத நாள் மூச்சு முட்டற மாதிரி இருக்கும், ஓட்டை ஓட்டையா தான் இருக்கு, மூச்சு விடலாம், கையத் தூக்கினா கேமரால பாத்து நிறுத்திருவாங்க. அத மாட்டி சிடி ஸ்கேன் எடுத்துட்டு ஒரு வாரம் போல ஒண்ணும் நடக்காது, நம்மள மறந்துட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க (நான் போனேன்), எந்த நரம்புக்கு எவ்வளவு, முதுகுத்தண்டுக்கு எவ்வளவு தாண்டக்கூடாதுன்னு டாக்டரும் கதிர் அளவு பாக்கற பிசிஸிஸ்ட்டும் கணக்குப் போட்டுட்டு இருப்பாங்க. மேல மார்க் போட்டிருந்தா தேய்ச்சுக் குளிச்சு அழிச்சிராதீங்க.

ரெண்டாவது வாரம் வரைக்கும் அப்பா நல்லா தான் சாப்பிட்டாரு. அப்புறம் ருசி போச்சு, எச்சில் கொழகொழன்னு ஆச்சு, முழுங்கினா முள்ளு குத்துற மாதிரி. வாய் கொப்புளிக்கறது தான் பாதி வைத்தியம், ஒரு டம்ளர் வெதுவெதுன்னு தண்ணில ஒரு சிட்டிகை உப்பு ஒரு சிட்டிகை சமையல் சோடா, நாளைக்கு ஆறு தடவையாவது. காரம் புளி வேணாம், கருவாட்டுக் குழம்பு நெனப்பே வேணாம். கஞ்சியக் கொழைய வெச்சு முட்டை அடிச்சு ஊத்தி, நகரை மீன முள்ளு பாத்து எடுத்து மிளகாயில்லாம வேகவெச்சு மசிச்சு, நடுவுல மோர், எளநீர். எடை வாரா வாரம் பாருங்க, ஏன்னா உடம்பு இளைச்சா மாஸ்க் லூசாயிடும், கதிர் படுற இடமே மாறிரும், திரும்ப மாஸ்க் செஞ்சு பிளான் போடணும். முழுங்கவே முடியலன்னா மூக்கு வழியா ட்யூப் போடலாமான்னு கேப்பாங்க, மறுக்காதீங்க, கேவலமில்ல, எங்க அப்பாக்கு மூணு வாரம் இருந்துது.

பீடி சிகரெட் போயிலை அன்னைக்கே விடணும், இது புத்திமதிக்காக சொல்லல. கதிர் உண்டாக்குன சேதம் ரிப்பேராகாம நிக்கறதுக்கு ஆக்சிஜன் வேணும், ஆக்சிஜன் இல்லாத கேன்சர் செல்லக் கொல்ல ரெண்டரை மூணு மடங்கு டோஸ் வேண்டியிருக்கும். பீடி குடிச்சா ரத்தத்துல ஆக்சிஜன் போற இடத்த புகை புடிச்சுக்குது. ஹீமோகுளோபின அடிக்கடி பாக்கறதுக்கும் ஒரு காரணம் இது தான்.

கழுத்துத் தோல் கருத்து உரியும். சோப்பு, பிளேடு, கண்ட எண்ணெய், மஞ்சள் எதுவும் போடாதீங்க, வெயில்ல போகும்போது காட்டன் துண்டு. சனி ஞாயிறு ஊருக்கு வந்தா கடல்ல முங்காதீங்க, உப்புத்தண்ணி எரிச்சலக் கிளப்பும். பேரப்புள்ளைய தூக்கலாமான்னு அப்பா பயந்து ஒதுங்கியே உக்காந்திருந்தாரு, தாராளமா தூக்கலாம், வெளிலேர்ந்து மெஷின்ல வைக்கற கரண்டு உடம்புல தங்காது. தைராய்டுக்கு கதிர் வீசற அயோடின் மருந்து குடிக்கிறவங்க மாதிரி ஆளுங்க தான் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கணும்.

நடுவுல எங்களுக்கு மெஷின் ரிப்பேருன்னு ரெண்டு நாள் போச்சு, ஆஸ்பத்திரில யாரும் ஒண்ணும் சொல்லல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. அப்படி ஆனா சும்மா வராதீங்க, விட்ட நாள எப்படி ஈடு கட்டுவீங்கன்னு கேளுங்க. சனிக்கிழமை வைக்கலாம், இல்ல ஒரே நாள்ல ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ரெண்டு தடவை வைக்கலாம், அந்த ஆறு மணி நேரம் நல்ல செல்லு தெச்சு முடிக்கறதுக்கு. நாங்க கேட்டதுக்கப்புறம் ரெண்டு சனிக்கிழமை வெச்சாங்க.

முடிஞ்ச உடனே சரியாயிரும்னு நினைக்காதீங்க, அடுத்த பத்து நாள் புண் இன்னும் கூடும். கேன்சர் செல்லும் உடனே சாகாது, பெருகப் பாக்கும்போது தான் சாகுதுன்னு சொன்னேன்ல, அதனால தான் ஸ்கேன மூணு மாசம் கழிச்சு எடுக்குறாங்க, முன்னாடியே எடுக்கச் சொல்லி அடம் புடிக்காதீங்க. தைராய்டு டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும், கழுத்துல கரண்டு பட்டவங்களுக்கு தைராய்டு சுரக்கறது கொறையலாம். எத்தன கிரே, எந்த இடம்னு எழுதின டிஸ்சார்ஜ் பேப்பர லேமினேட் பண்ணி வைங்க, நம்ம ஊரு உப்புக்காத்துல காகிதம் ரெண்டு வருஷம் தாங்காது, பத்து வருஷம் கழிச்சு ராமநாதபுரத்துல எவனோ ஒரு பல் டாக்டர் பல்லப் புடுங்கக் கொறடு எடுக்கும்போது அத காட்ட வேண்டி வரும்.