நகரத்து நீர்க்கரையில் பறவை பார்க்க: வண்டியை எங்கே விடுவது, கரைக்கு எப்படிப் போவது?

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் பலரும் மேப்பைத் திறந்ததும் 'பார்க்கிங்' என்றுதான் தேடுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பறவை எங்கே இருக்கும், எங்கே நின்றால் தெரியும், அந்த இடத்துக்கு நடந்து போக வழி எது என்று தண்ணீரில் தொடங்கிச் சாலைக்கு வாருங்கள். வண்டி நிறுத்தும் இடம் கடைசியில் முடிவாகட்டும். காலியாகக் கிடைத்த இடத்தில் வண்டியை விட்டால், உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கம்பிவேலியோ ஆறுவழிச் சாலையோ இருக்க வாய்ப்பு அதிகம்.

1. பறவை இருக்கும் இடத்தைக் குறியுங்கள்

கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் (பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இணையதளம்) 'ஹாட்ஸ்பாட்' வரைபடம், அதாவது பறவை பார்க்கும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம், இருக்கிறது. உங்கள் கரையோரத்தில் உள்ள புள்ளியை அழுத்தினால் அங்கே அண்மையில் பதிவான பட்டியல்கள் வரும். பறவைப் பெயர்களோடு நிறுத்தாமல், பட்டியலோடு ஆட்கள் எழுதும் குறிப்புகளையும் படியுங்கள். தெற்கு கேட் பூட்டியிருந்தது, பாலத்தின் மேலிருந்து பார்த்தேன் என்பது போன்ற தகவல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் புள்ளி வாசலைக் காட்டுவதில்லை. சில நேரம் நடுத்தண்ணீரில்கூட இருக்கும். அதை அப்படியே வழிகாட்டும் செயலியில் போட்டால், அதற்கு மிக அருகில் உள்ள ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டுவிடும். புள்ளி இருப்பதாலேயே அது பொது இடம் என்றும் ஆகிவிடாது.

2. செயற்கைக்கோள் படத்தில் கரையை நடந்து பாருங்கள்

சேற்றுப்பரப்பு, மழைநீர்க் கால்வாய் கடலிலோ ஆற்றிலோ சேரும் வாய், அலைதடுப்புச் சுவர், பழைய படகுத்துறையின் தூண்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். கொக்கும் உள்ளானும் சேற்றில் மேயும். நீர்க்காகமும் ஆலாவும் தூண்களிலும் சுவரிலும் ஓய்வெடுக்கும். பிறகு கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் (தெருவிலிருந்து எடுத்த படங்கள்) இறங்கி கேட், அறிவிப்புப் பலகை, நடைபாதையின் முடிவு எல்லாவற்றையும் பாருங்கள். படம் எடுத்த தேதியையும் கவனியுங்கள், நகரத்துக் கரைகளில் கட்டட வேலை ஓயாது. ஒற்றையடிப் பாதைகளுக்கு, பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பல இடங்களில் நன்றாக இருக்கும். தனியார் வழி என்று யாராவது குறித்திருந்தால் அதுவும் தெரியும்.

3. ஓதமும் வெயிலும்

கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதுதான் ஓதம். இந்தப் படியைத்தான் தொடக்கக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடலோரத்திலும் முகத்துவாரத்திலும் தண்ணீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவில் சிதறி மேயும், பைனாகுலரில் வெறும் புள்ளிகள்தான். தண்ணீர் முழுக்க ஏறிவிட்டால் சேறே இருக்காது. அவை கூட்டமாக வேறெங்கோ போய் ஒதுங்கிவிடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்தான் நல்லது. உச்சத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போய் நின்றால், ஏறும் தண்ணீரே பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். அதாவது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு உச்சம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் கிட்டத்தட்ட வற்றியிருக்கும். 'போன வாரம் நிறைய இருந்ததே!' என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான். அந்த ஊர்த் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரி என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

வெயில் விஷயம் எளிது. கிழக்கு பார்த்த கரையில் காலையில் நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். அங்கே மாலையில் போங்கள், அல்லது காலையில் எதிர்க்கரையைப் பிடியுங்கள்.

4. இப்போது பார்க்கிங்

நிற்கும் இடமும் நேரமும் தெரிந்துவிட்டதால் கேள்வி சுருங்கிவிடும்: அந்த நேரத்துக்கு, அங்கிருந்து நடக்கும் தூரத்தில், எத்தனை மணி நேரம் வண்டியை விடலாம்? ஏறும் ஓதத்துக்குக் காத்திருக்க மூன்று மணி நேரம் வேண்டும் என்றால், இரண்டு மணி நேர வரம்புள்ள தெரு உதவாது. பூங்கா பார்க்கிங் என்றால் கேட் திறக்கும் நேரமும் பூட்டும் நேரமும் முக்கியம். விடியலில் போய்ப் பூட்டிய கேட் முன் நிற்பது ஒரு வகைத் தொல்லை; இருட்டிய பின் வண்டி உள்ளே மாட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய தொல்லை. தெருவில் விடுவதானால் பலகையை முழுக்கப் படியுங்கள், கிழமைக்கு ஒரு விதி இருக்கலாம்.

படகு இறக்கும் சாய்தளம், அவசர வண்டிகளுக்கான கேட், சைக்கிள் தடம், பாலத்தின் ஓரம் — இங்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட வேண்டாம். துறைமுகம், கடற்படை வளாகம் போன்றவற்றின் மதில் பக்கம் நின்று ஸ்கோப்பை (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) நீட்டினால் காவலர் வருவார், அது அவருடைய வேலை.

தண்ணீரைப் பார்த்தபடியே வண்டியை விட முடிந்தால் இறங்காமலே பார்க்கலாம். நடந்து வரும் மனிதரைவிட நிற்கும் காரைப் பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும். என்ஜினை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கோப் அதிரும், பானட்டின் சூட்டில் காட்சியும் கானலாக அலையும். கேமரா பையைக் கிளம்பும்போதே டிக்கியில் வைத்துவிடுங்கள். வந்து சேர்ந்த இடத்தில் வைத்தால் பார்ப்பவர்கள் பார்த்துவிடுவார்கள்.

5. வண்டியிலிருந்து கரைக்கு

ட்ரைபாடைத் தோளில் போட்டு ஒரு கிலோமீட்டர் நடப்பது மேப்பில் பார்ப்பதைவிட நீளமானது. பக்கத்தில் ரயிலோ பஸ்ஸோ நின்றால் காரை வீட்டிலேயே விடுவதுதான் நிம்மதி. நடைபாதை தொடர்ந்து போனால் சைக்கிள் எல்லாவற்றையும்விட மேல். சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார் என்றால் சாய்தளத்தோடு கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் பாருங்கள். நிற்பவருக்கு இடுப்பளவு இருக்கும் சுவர், உட்கார்ந்திருப்பவரின் பார்வையை மறைத்துவிடும்.

வழி புரியவில்லையா? தூண்டில் போடுபவரைக் கேளுங்கள். எந்த வேலியில் முறையான வழி இருக்கிறது, எந்தக் கேட் எப்போது திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். புதையும், தண்ணீர் பின்னாலிருந்தும் சூழும். ஒதுங்கி நிற்கும் பறவைக் கூட்டம் மொத்தமாகத் தலை தூக்கினால் அதற்கு மேல் ஓர் அடி வேண்டாம், அங்கேயே நின்று பாருங்கள்.

அப்புறம், வார இறுதியில் ஓட்டப் பந்தயம், திருவிழா என்று கரைச்சாலையை மூடிவிடுவது சகஜம். அதனால் இதே முறையில் இன்னோர் இடத்தையும், முடிந்தால் எதிர்க்கரையில், முன்கூட்டியே பார்த்து மேப்பில் சேமித்து வையுங்கள்.