பாஸ்போர்ட்டும் என் பையில், காசும் என் பையில்

மும்பை மாதுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லியைக் கொசுறாக வாங்காமல் நகராத அம்மா, பாரிஸ் மெட்ரோவில் கையில் காசில்லாமல், வேலை செய்யும் போனில்லாமல், தங்கியிருந்த ஹோட்டலின் பெயர்கூடத் தெரியாமல் தனியாகப் போய்விட்டாள். தவறு என்னுடையது. அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் மகள்கள் பலர் இதைத்தான் செய்கிறோம். "நீ ஒண்ணும் கவலைப்படாதேம்மா, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி எல்லாவற்றையும் நம் பையில் போட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன் வீட்டிலேயே செய்த தவறுகள் சில.

முதலில் பெயர். மும்பையில் எந்தக் கவுண்ட்டரில் படிவத்தை நீட்டினாலும் "சர்நேம்?" என்பார்கள். நமக்கேது சர்நேம்! அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் தாத்தாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பாவின் பெயர் முழுசாக, வங்கியில் இரண்டும் கலந்த ஒரு அவியல். டிக்கெட் போடும்போது வங்கியில் இருக்கும் பெயரைப் போட்டுவிட்டேன். டிக்கெட்டில் வரவேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து. திருத்தத் தனியாகப் பணம் கட்டினேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் அம்மாக்கள் நம்மில் நிறைய. அவர்கள் விசா கேட்கும் முன்பே அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துவிட வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவர்களிடம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

அடுத்தது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான விசா. எங்களுக்குப் பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 5 இரவு. விமானம் பாரிஸில் இறங்குகிறதே என்று பிரான்ஸ் விசாப் படிவத்தை நிரப்பி முடித்துவிட்டேன். அது தப்பு. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால்தான் முதலில் நுழையும் நாடு. நல்லவேளை, கொடுக்கும் முன்பே தெரிந்தது. பாஸ்போர்ட், ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அந்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அம்மாவின் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதில் அடங்குமா என்று பார்க்காமல் விடுவது பெரிய தவறு. மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பைசா கிடையாது.

கைரேகை கொடுக்க நேரில் போயாக வேண்டும், வயதானவர் என்ற விலக்கெல்லாம் இல்லை. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல்கள். மெஷின் நாலு தடவை மாட்டேன் என்றது. "தேஞ்சு போச்சுடி" என்று அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தேதிக் குழப்பம் ஒன்று உண்டு. மும்பையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் அதிகம். டிக்கெட்டில் 12-ஆம் தேதி 2 மணி என்றிருந்தால் 11-ஆம் தேதி ராத்திரியே சஹார் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 12-ஆம் தேதி ராத்திரி சாவகாசமாகப் பெட்டி கட்டிய குடும்பம் ஒன்று எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது.

இனி அம்மாவின் பெட்டி. திறந்து பார்க்காமல் பூட்டாதீர்கள். பொடி செய்யவென்று எடுத்து வைத்திருந்த கொப்பரையை நான் வெளியே எடுத்தேன். எண்ணெய்ப்பசை அதிகம் என்பதால் தீப்பிடிக்கக்கூடிய பொருளாகக் கருதி அதை விமானத்தில் அனுமதிப்பதில்லை. நெய் ஜாடியும் பால்கோவாவும் நின்றுவிட்டன. பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. துபாய் போகிறவர்கள் கசகசாவை மறந்தே விடுங்கள். குருமாவுக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கைப்பையில் ஊறுகாய் போனால் அதற்கும் 100 மில்லி கணக்குதான். பக்கத்து வீட்டு குஜராத்தி மாமி கட்டிக் கொடுத்த தேப்லா ரொட்டி மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் பாரிஸ் வரை வந்தது.

மாத்திரைகளை அம்மா கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, டப்பாவைப் பெரிய பெட்டியில் வைத்திருந்தாள். அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் வர வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது வீண்.

வீல்சேர் என்றதும் "எனக்கென்னடி, கால் இல்லையா?" என்றாள். கடைசியில் ஒத்துக்கொண்டாள். வீல்சேரைத் தனி வழியில் அழைத்துப் போவார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. விமானம் மாறும் இடத்தில் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் பாஸ்போர்ட் என் பையில். சோதனை மேஜையில் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவள் முகம் சுண்டியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாரிஸில் நான் போட்ட திட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு வாங்கும். ஒரு நாளைக்கு நாலு இடம். அதில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போன நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று லூவ்ருக்கு விடுமுறை. கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓர்சே அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். அது திங்களன்று மூடும், நல்லவேளை. "முட்டி வலிக்கிறதா?" என்றால் "ஒண்ணுமில்லை" என்பாள். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னை நம்பி வந்தவள், என் திட்டத்தைக் கெடுக்கக் கூடாதென்று சொல்கிற பொய் அது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவின் கார்டில் மறுநாள் டிக்கெட் வாங்கப் போனேன். ஓடிபி மாதுங்காவில் அப்பாவின் போனுக்குப் போனது. அங்கே பதினொன்றரை, அப்பா தூக்கத்தில். கிளம்பும் முன் அந்தக் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்தேன், நம்பரை மாற்றத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள்தான் மெட்ரோவின் ஷாத்லே ஸ்டேஷன். தாதர் ஸ்டேஷனைப் பூமிக்கடியில் புதைத்தாற்போன்ற கூட்டம். முதலாம் லைனில் ரயில்கள் டிரைவர் இல்லாமல் ஓடுகின்றன. கதவு யாருக்காகவும் காத்திருக்காது. அம்மா ஏறிவிட்டாள், நான் ஏறவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் நகர்ந்து போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோமிங் செலவை மிச்சம் பிடிக்க அவள் போனில் ஒன்றும் போடவில்லை. அடுத்த ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனான ஹோட்டல் தெ வில்லில் இறங்கினேன். பிளாட்பாரத்து நாற்காலியில், மடியில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ மூணாங்கிளாஸ் படிக்கறச்சே லோக்கல்ல என்னடி சொல்லிக் கொடுத்தேன்? விட்டுப்போச்சுன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நில்லுன்னு. எனக்கு மறக்குமா?"

அந்த ஏற்பாட்டை நான் அவளோடு முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். அன்று ராத்திரியே ஒப்படைத்தேன். அவள் பாஸ்போர்ட், என் பாஸ்போர்ட்டின் நகல், ஹோட்டல் முகவரி அச்சடித்த அட்டை, கொஞ்சம் யூரோ, கொஞ்சம் சுவிஸ் பிராங்க், எல்லாம் அவளுடைய சுருக்குப்பைக்குள். போனுக்கு ரோமிங்கும் போட்டேன். கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடுங்குவார்கள்.

சுவிட்சர்லாந்தில் திட்டத்தைப் பாதியாக வெட்டினேன். 3,454 மீட்டர் உயரத்தில் பனிமலை மேலிருக்கும் யுங்ஃபிராவ்யோக்குக்கு டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்ததால் போனோம், மெதுவாக நடந்தோம், ஒரு மணி நேரத்தில் இறங்கினோம். அம்மாவுக்குப் பனி பெரிதாகப் படவில்லை. அவளுக்குப் பிடித்தது சூரிக்கில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் கடை. "எங்கயிருந்து வாறீங்கள், அம்மா?" என்று கடைக்காரர் கேட்டதும் பம்பாய் என்றாள். ஒரு மணி நேரப் பேச்சு. நான் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே சுருக்குப்பை திறந்து மூடும் சத்தம். கையில் நாலு முருங்கைக்காயோடு வந்தாள்.

"என்ன விலைம்மா?"

"உனக்கெதுக்கு? என் காசு."