பௌர்ணமிக்கு ஒரு நிலாச்சோறு

அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்ந்து சாப்பிடும் பழக்கத்தை ஆரம்பிக்க ஆசையா? அதற்கான நாள் பௌர்ணமி என்றே முடிவு செய்துவிடுங்கள், காலண்டரே நினைவூட்டும், யாருக்கு எந்த ஞாயிறு வசதி என்று வாட்ஸ்அப்பில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இடம் மொட்டைமாடி. வீட்டுக்கு ஒரு கலந்த சாதம், அவ்வளவுதான்.

புளியோதரையை மத்தியானமே கிளறி வைத்தால் ராத்திரிக்குள் புளிக்காய்ச்சல் நன்றாக ஊறிவிடும். எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழியுங்கள், இல்லையென்றால் கசக்கும். தயிர் சாதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: சாதத்தைக் குழைய மசித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்தால் ராத்திரி வரை புளிப்பு ஏறாது. தொட்டுக்கொள்ள வடாம் போதும்.

அப்புறம், பிள்ளைகளுக்குத் தட்டு வேண்டாம். பாட்டியோ பெரியம்மாவோ நடுவில் உட்கார்ந்து உருட்டி உருட்டிக் கையில் போடட்டும். வீட்டில் நாலு வாய்க்கு மேல் சாப்பிடாத குழந்தைகூட, பக்கத்துப் பிள்ளை கை நீட்டுவதைப் பார்த்து இன்னும் ஒரு உருண்டை கேட்கும், அதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். சமைக்க நேரமில்லாத வீட்டாரையும் கட்டாயம் கூப்பிடுங்கள், அவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தால் போதும்.