ஏரியா இதழ் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானா, ராப், சுவரோவியம் என்று வடசென்னைக் கலையை எழுத இளைஞர்கள் சொந்தக் காசில் இதழ் தொடங்குவது பெரிய சந்தோஷம். ஆனால் நாங்கள் அன்று செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. எழுத்துப்பிழை மாதிரி விஷயங்கள் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கக் கணக்கு

நடுவில் பின் அடிக்கும் இதழா? பக்கங்கள் நான்கின் மடங்கில்தான்.

இருட்டுப் படங்கள்

இரவுக் கச்சேரிப் படம் போனில் பளிச்சென்று இருக்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் அச்சில் முகமே தெரியாது. படத்தை வெளுப்பாக்கி, புரூஃப் (மாதிரி அச்சு) பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

பெயரை விடுவது

படத்துக்குக் கீழே வெறுமனே 'கானா குழுவினர்' என்று போடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாட்டைக் கட்டியவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர், டேப் என்னும் தோல்கருவியை அடிப்பவர் வேறொருவராக இருப்பார். முன்னால் நிற்பவரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் கட்டியவர் காணாமல் போகிறார். பல பாட்டுகள் வாய்வழியாகவே புழங்குபவை. நாளைக்கு அந்த வரி ஒரு சினிமாப் பாட்டில் வந்தால், தன்னுடையது என்று காட்ட அவர் கையில் என்ன இருக்கும்? மாதமும் வருடமும் போட்டு அவர் பெயரோடு வந்த உங்கள் இதழ் இருந்தால் அதையாவது காட்டலாம்.

புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவைப் பற்றி ஓர் இளைஞர் குழு அருமையாக எழுதியிருந்தது. பாட்டு முழுசாக அச்சாகியிருந்தது, கட்டிய பெரியவரின் பெயர் மட்டும் இல்லை. "நம்ம பேரு எங்கடா போட்டிருக்கு?" என்று பேரனிடம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. அப்புறமும் அந்தத் தெருவில் யாரும் அவர்களுக்குப் பாடிக் காட்டவில்லை.

கச்சேரி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் நோட்டை நீட்டுங்கள். அடைமொழியோடு போடுவதா, வீட்டுப் பெயரா என்று அவரே சொல்லட்டும். எழுத வராதவருக்கு நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். மரண கானாவில் இறந்தவர் பெயரும் வரும், வீட்டாரைக் கேட்காமல் அதை அச்சிடாதீர்கள்.

ஓவியரோடு நிறுத்திக்கொள்வது

2020-இல் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. அங்கே இருப்பவர்கள் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டு வந்த குடும்பங்கள். அவர்களிடம் பேசாமல் அந்தச் சுவரைப் பற்றி என்ன எழுத முடியும்?

பதிவு

இதழ்களைப் பதிவு செய்வதற்கான 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய நடைமுறையைக் கேட்டு அலையாதீர்கள்.

பிரதி

பாடியவர், வாசித்தவர் எல்லோருக்கும் இதழை நேரில் போய்க் கொடுங்கள்.