முதிரைக் கதவுநிலையில் காளான் பூத்தால் எதை வெட்டுவது, எதை விடுவது

கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளில் முதிரைக் கதவுநிலையின் அடியில் வெள்ளைக் காளானைக் கண்டதும் முழு நிலையையும் கழற்றிவிடாதீர்கள். முதிரை உலர்வலயக் காட்டில் மெல்ல வளரும் மரம். 1998இல் உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. இந்தக் காளானோ அண்டார்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. அதன் வித்திகளை வீட்டை விட்டு விரட்ட முடியாது, ஈரத்தைத்தான் நிறுத்தலாம்.

விசிறி வடிவம், 1–4 செ.மீ அகலம், மேலே சாம்பல்வெள்ளை மயிர், அடியில் ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் பிளந்திருக்கும்: அதுதான் சிசோபில்லம் கொம்யூன். வெயிலில் சுருண்டாலும் செத்துவிடாது, நனைந்தால் மறுபடி விரியும். சுரண்டும்போது முகக்கவசம் அவசியம். முதிரைத் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும்.

அடுத்தது குத்தூசிச் சோதனை. ஊசியை நார்ப்போக்குக்குக் குறுக்காக 5 மி.மீ. இறக்கி நெம்புங்கள். நல்ல முதிரையில் ஊசி இறங்கவே அடம்பிடிக்கும். நெம்பினால் பொன்மஞ்சள் சிராய் நீளமாக, 'சடக்'கென்று எழும்பும். காளான் தின்ற இடம் வெளிறி, சத்தமில்லாமல் குட்டையாக உடையும். அடியிலிருந்து மேலே 3 செ.மீ.க்கு ஒரு தடவை குத்திக்கொண்டே போய், நீளச் சிராய் வரும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். அதற்கு மேல் 5 செ.மீ. விட்டு வெட்டினால் போதும். வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மட்டமாக வெட்டினால் மூட்டில் தண்ணீர் தேங்கும்.

பெரும்பாலும் குற்றவாளி தரைதான். புதுச் சீமெந்துத் தரை போடும்போது நிலையின் காலைப் புதைத்துவிடுகிறார்கள். மரம் நீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுனை வழியே. காலுக்கும் தரைக்கும் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

1 லீற்றர் சுடுநீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஆறியதும் வெட்டுமுனையில் மூன்று தடவை பூசுங்கள். இது மழையில் கரைந்துபோகும், அதனால் மேலே பெயின்ற் கட்டாயம். ஆனால் மரத்தின் ஈரம் ஈரமானியில் 18 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே அடியுங்கள். ஈரத்தின் மேல் பெயின்ற் அடித்தால் உள்ளே இருக்கும் காளானுக்குத் தண்ணீரை நீங்களே பூட்டிக் கொடுத்ததாகும். புளீச்சிங் தூளும் உதவாது, மேற்பரப்பை வெளுக்கும், உள்ளே போன இழையைத் தொடாது.

ஒட்டுத்துண்டுக்குப் பழைய முதிரையே நல்லது. துளையிடாமல் திருகாணி ஏற்றினால் வெடித்துவிடும். புது மரம் வாங்கினால் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்ததும் அதே இடத்தில் ஊசியை மறுபடி இறக்கிப் பார்க்கவேண்டும்.